டாவின்சி ரிசால்வ்: ஒரே மென்பொருளில் ஒரு முழு அணி வேலை செய்ய முடியுமா?

டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளைத் திறந்தால் திரையின் அடியில் ஏழு பொத்தான்கள் வரிசையாக இருக்கும்: மீடியா (கோப்புகளைச் சேர்க்க), கட் (விரைவாக வெட்ட), எடிட், ஃபியூஷன் (கிராபிக்ஸுக்கு), கலர், ஃபேர்லைட் (ஒலிக்கு), டெலிவர் (முடித்த வீடியோவை வெளியிட). ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைத் திறக்கும். தனியாளாக யூடியூப் வீடியோ செய்பவருக்கு இவை ஏழு வசதிகள். ஐந்தாறு பேர் சேர்ந்து பாடத் தொடரோ ஆவணப்படமோ விளம்பர வரிசையோ தயாரிக்கும் இடத்தில் இவை ஆளுக்கொரு மேசை. இந்த மதிப்பீடு அந்த இரண்டாவது வகையினருக்கானது. எந்தப் பக்கத்தில் யார் உட்கார வேண்டும், அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எங்கே சிக்கும் என்பதுதான் இங்கே பேச்சு. வசதிகளின் முழுப் பட்டியல் நிறுவனத்தின் தளத்திலேயே இருக்கிறது.

இது ஒரே நாளில் எழுதப்பட்ட மென்பொருள் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் 2009இல் அமெரிக்காவின் டாவின்சி சிஸ்டம்ஸை வாங்கியது. அப்போது ரிசால்வ் கலர் கரெக்‌ஷனுக்கு மட்டுமான கருவி. 2014இல் கனடாவிலிருந்து ஃபியூஷனும் 2016இல் ஒலித்துறையின் பழைய பெயரான ஃபேர்லைட்டும் வந்து சேர்ந்தன. ஃபேர்லைட் 2017இல் 14ஆம் பதிப்பிலும், ஃபியூஷன் 2018இல் 15ஆம் பதிப்பிலும் தனிப் பக்கங்களாக உள்ளே வந்தன. இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பக்கமும் தனித்தனித் தொழிலிலிருந்து வந்ததால், ஒரு பக்கத்தில் கை பழகியவருக்கு அடுத்த பக்கம் தானாக வசப்படாது. எடிட் பக்கம் டிராக் (படத்தையும் ஒலியையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் வரிசை) கணக்கில் யோசிக்கும். ஃபியூஷனும் கலரும் நோடு (ஒரு மாற்றத்தைச் செய்யும் பெட்டி; பெட்டிகளைக் கோட்டால் இணைப்பார்கள்) கணக்கில் யோசிக்கும். ஃபேர்லைட் மிக்ஸர், பஸ் (பல ஒலி டிராக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் வழி) என்று யோசிக்கும். "ரிசால்வ் தெரியும்" என்று சொல்லி வேலைக்கு வருபவரிடம் "எந்தப் பக்கம்?" என்று கேட்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

விலையை முதலில் முடித்துவிடலாம். இலவசப் பதிப்பு வாட்டர்மார்க் இல்லாமல் 3840x2160 வரை, நொடிக்கு 60 ஃபிரேம் வரை வெளியிடும். பலர் ஒரே புராஜெக்டில் சேர்ந்து வேலை செய்யும் வசதியும் இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது. ஸ்டுடியோ பதிப்பு 295 டாலர், ஒரே தடவை. சந்தா கிடையாது, இதுவரை புதிய பதிப்புகளுக்குத் தனியாகப் பணம் கேட்டதில்லை. ஒரு ஆக்டிவேஷன் கீயை ஒரே சமயத்தில் இரண்டு கணினிகளில் வைத்துக்கொள்ளலாம். நாய்ஸ் ரிடக்‌ஷன், ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் மேஜிக் மாஸ்க், பேச்சைப் பின்னணிச் சத்தத்திலிருந்து பிரிக்கும் வாய்ஸ் ஐசொலேஷன், செங்குத்து வீடியோவுக்கு ஆளைத் தொடர்ந்து சட்டகத்தை நகர்த்தும் ஸ்மார்ட் ரீஃபிரேம் எல்லாம் ஸ்டுடியோவில்தான். விண்டோஸில் இலவசப் பதிப்பு வைத்திருப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது வேறிடத்தில்: இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் எடுக்கும் 10-பிட் 4:2:2 கோப்புகள் (வழக்கத்தைவிட அதிக நிறத் தகவல் கொண்டவை). படம் வராது, சத்தம் மட்டும் கேட்கும், அல்லது "மீடியா ஆஃப்லைன்" என்று சிவப்பாக நிற்கும். லினக்ஸ் இலவசப் பதிப்பு, பரவலான வீடியோ வடிவமான எச்.264 கோப்புகளையே திறக்காது. ஆகவே மென்பொருளைப் பற்றி முடிவெடுக்கும் முன் கேமராமேனிடம் அவர் எடுக்கப்போகும் ஃபார்மட்டில் பத்து நொடி ஃபுட்டேஜ் வாங்கிச் சோதித்துவிடுங்கள்.

இனி ஆட்கள். இப்படிப்பட்ட அணிகளில் பெரும்பாலும் எடிட்டர் இருப்பார், கிராபிக்ஸ் செய்பவர் இருப்பார், சவுண்டுக்கு ஒருவரைப் பிடித்துவிடுவார்கள். விடுபடுவது அசிஸ்டென்ட் எடிட்டர். ரிசால்வைப் பொறுத்தவரை அதிகம் தேவைப்படுபவர் அவர்தான். மற்ற எல்லாப் பக்கங்களும் அவர் மீடியா பக்கத்தில் போட்ட அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

கார்டிலிருந்து ஃபுட்டேஜ் இறக்குவதில் அவர் வேலை தொடங்குகிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடாமல் மீடியா பக்கத்தில் உள்ள குளோன் டூலைப் பயன்படுத்த வேண்டும். அது செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) பார்த்து நகலைச் சரிபார்க்கும், ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்குகளுக்கு எழுதும். கார்டில் உள்ள ஃபோல்டர் அமைப்பைக் கலைக்கக் கூடாது. வீடியோ கோப்பை மட்டும் பொறுக்கி எடுத்தால் மெட்டாடேட்டா (கோப்பைப் பற்றிய தகவல்) பின்னால் தங்கிவிடும். தனி ரெக்கார்டரில் பதிந்த ஒலியை டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்) வழியாகவோ அலைவடிவம் வழியாகவோ படத்தோடு ஆட்டோ சிங்க் செய்யலாம். அலைவடிவம் வேலை செய்ய வேண்டுமானால் கேமராவிலும் ஒரு சத்தம் பதிவாகியிருக்க வேண்டும். கேமரா மைக்கை அணைத்துவிட்டு எடுத்தவர்களுக்குக் கிளாப் தட்டிய ஃபிரேமைக் கண்ணால் தேடுவதைத் தவிர வழியில்லை.

அடுத்தது ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம். ரிசால்வின் மிகக் கறாரான விதி இதுதான்: மீடியா பூலில் (புராஜெக்டின் கோப்புப் பட்டியல்) முதல் கிளிப் விழுந்த பிறகு புராஜெக்டின் டைம்லைன் (வெட்டிய துண்டுகளின் வரிசை) ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது. புதிதாக உருவாக்கும் டைம்லைனுக்குத் தனி ரேட் கொடுக்கலாம். ஏற்கனவே வெட்டியதை மாற்ற முடியாது. 25இல் எடுக்கச் சொன்ன படப்பிடிப்பில் ஒரு கேமரா 29.97இல் ஓடியிருக்கும், மொபைலில் எடுத்த துண்டுகள் வேரியபிள் (ஓடும்போதே மாறும்) ஃபிரேம் ரேட்டில் இருக்கும். வேரியபிள் கோப்புக்கு ஒரு அடையாளம் உண்டு. முதல் நிமிடத்தில் உதடும் பேச்சும் பொருந்தும், பத்தாவது நிமிடத்தில் விலகி நிற்கும். எடிட் டேபிளில் இதை இழுத்து இழுத்துச் சரிசெய்வது வீண். மொபைல் கோப்புகளையும் ஜூம் பதிவுகளையும் உள்ளே விடும் முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற கருவியில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

பிறகு ப்ராக்ஸி, அதாவது ஒரிஜினலுக்குப் பதிலாக எடிட்டில் பயன்படுத்தும் சிறிய நகல். யுஎச்டி (3840x2160) அளவில் புரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தர வீடியோ வடிவம், 25 ஃபிரேமில், நொடிக்கு 737 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 330 ஜிபி. சாதாரண 1 கிகாபிட் நெட்வொர்க்கில் இதில் ஒரு ஸ்ட்ரீம் ஓடினாலே குழாய் நிரம்பிவிடும்; இரண்டாவது ஆள் பிளே அழுத்தினால் இருவருக்கும் திக்கும். அதே காட்சி 1920x1080 புரோரெஸ் ப்ராக்ஸியில் நொடிக்கு 38 மெகாபிட்தான். ஐந்து பேர் தலா இரண்டு கேமரா கோணத்தைத் திறந்து வைத்தாலும் 380 மெகாபிட், அதே 1 கிகாபிட்டில் இடம் மிஞ்சும். பத்து கிகாபிட் சுவிட்ச் வாங்கச் சொல்லும் கடைக்காரரிடம் போவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கலர் செய்பவரின் இயந்திரத்துக்கு மட்டும் ஒரிஜினல் கோப்புகள் வேகமாகக் கிடைத்தால் போதும். பிளாக்மேஜிக் ப்ராக்ஸி ஜெனரேட்டர் என்ற தனிச் செயலி ஒரு ஃபோல்டரைக் கண்காணித்து, ஒரிஜினலுக்குப் பக்கத்திலேயே துணை ஃபோல்டரில் ப்ராக்ஸிகளை உருவாக்கி வைக்கும். ரிசால்வ் தானே இணைத்துக்கொள்ளும். ஒரிஜினலின் பெயரைப் பிற்பாடு யாராவது "அழகாக" மாற்றினால் இந்த இணைப்பு அறுந்துவிடும். பெயர் மாற்றும் வேலையெல்லாம் ப்ராக்ஸிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பலர் சேர்ந்து வேலை செய்ய இரண்டு வழி. ஒரே அலுவலகத்தில் இருந்தால் ஒரு கணினியில் புராஜெக்ட் சர்வர் என்ற இலவசச் செயலியை நிறுவிக்கொள்ளலாம்; உள்ளே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும். ஆட்கள் வேறு வேறு ஊரில் இருந்தால் 2022இல் 18ஆம் பதிப்போடு வந்த பிளாக்மேஜிக் கிளவுட். ஒரு புராஜெக்ட் லைப்ரரிக்கு (புராஜெக்டுகள் சேமிக்கப்படும் இடம்) மாதம் 5 டாலர் என்ற கட்டணத்தில் வந்தது. இரண்டிலும் பகிரப்படுவது புராஜெக்ட்தான், அதாவது எங்கே வெட்டியிருக்கிறது, என்ன கலர், எந்த ஒலி அளவு என்ற தகவல். ஃபுட்டேஜ் தனியாகப் போய்ச் சேர வேண்டும். லைப்ரரியைப் பகிர்ந்துவிட்டு "எனக்கு எல்லாம் சிவப்பாகத் தெரிகிறது" என்று வரும் அழைப்புகள் இதைக் கவனிக்காததால் வருபவை. எல்லா இயந்திரத்திலும் மீடியா ஒரே பாதையில் தெரிய வேண்டும்: விண்டோஸில் ஒரே டிரைவ் எழுத்து, மேக்கும் விண்டோஸும் கலந்திருந்தால் செட்டிங்ஸில் பாதைகளைப் பொருத்தி வைப்பது. இதுவும் அசிஸ்டென்டின் வேலை.

பூட்டும் முறை எளிது. ஒருவர் ஒரு பின்னை (bin, மீடியா பூலில் உள்ள ஃபோல்டர்) திறந்து வேலை செய்யும்போது அது மற்றவர்களுக்குப் பூட்டப்படும். அவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது. எல்லா டைம்லைன்களையும் ஒரே பின்னில் போட்டு வைக்கும் அணியில் ஒருவர் உள்ளே நுழைந்தாலே மற்றவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதுதான். எபிசோடுக்கு ஒரு பின், அதற்குள் எடிட்டுக்கு ஒன்று, கிராபிக்ஸுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று பிரித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். மென்பொருள் மேல் வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் பின் அமைப்பின் மேல் வர வேண்டிய புகார்கள்.

எடிட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியரிலிருந்து வருபவர் எடிட் பக்கத்தில் விரைவாகவே பழகிவிடுவார். கீபோர்டு அமைப்பையும் பிரீமியர் போலவே மாற்றிக்கொள்ளலாம். கட் பக்கம் அவசரச் செய்தி வேலைக்கு. நீண்ட வேலை செய்பவர்கள் அதை மறைத்து வைத்தாலும் நஷ்டமில்லை.

கிராபிக்ஸ்தான் கடினமான மாற்றம். அடோபியின் கிராபிக்ஸ் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லேயர்களை அடுக்கிப் பழகியவருக்கு ஃபியூஷனின் நோடு வரைபடம் ஆரம்பத்தில் எரிச்சலைத் தரும். இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைக்கும் மெர்ஜ் நோடில் எது பின்னணி, எது முன்னணி என்பதிலேயே முதல் வாரம் போய்விடும். பச்சைத் திரை நீக்குவது, திரையில் இருக்கும் பலகையை மாற்றுவது, டிராக்கிங் ஆகியவற்றில் ஃபியூஷன் வலுவானது. எழுத்து ஆடும் விளக்கப்படம், ஐகான் அனிமேஷன் என்றால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தெரிந்தவரைக் கட்டாயமாக இழுத்து வர வேண்டாம். அவர் அங்கேயே செய்து ஆல்ஃபாவோடு (பின்னணி ஊடுருவித் தெரியும்படி) புரோரெஸ் 4444 கோப்பாகக் கொடுக்கட்டும். ஃபியூஷன் நினைவகத்தையும் விழுங்கும். நிறுவனமே பொதுவாக 16 ஜிபி ரேமும் ஃபியூஷனுக்கு 32 ஜிபியும் கேட்கிறது. "ஜிபியு மெமரி ஃபுல்" என்ற செய்தி வருவது கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் தீர்ந்ததால். ரேம் கூட்டினால் அது போகாது.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிச் சோதனை தேவை. டைட்டில் வடிவமைப்பு தொடங்கும் முன்பே, பயன்படுத்தப்போகும் எழுத்துருவில் "கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ, ணை" அடங்கிய ஒரு வரியை ரிசால்வின் சாதாரண டெக்ஸ்டிலும் ஃபியூஷனில் இயங்கும் டெக்ஸ்ட் பிளஸிலும் தனித்தனியே அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காருகிறதா, புள்ளி நகர்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு எழுத்தெழுத்தாக வரும் அனிமேஷனைப் போட்டு இன்னொரு முறை. ஒழுங்காக நின்ற எழுத்து அனிமேஷனில் உடைவதுண்டு. உடைந்தால் சண்டை போட வேண்டாம். டைட்டிலை இன்க்ஸ்கேப்பிலோ வேறு வரைகலைச் செயலியிலோ செய்து பிஎன்ஜியாகக் கொண்டு வரலாம். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த ஸ்கிரிப்ட்டை யூனிகோடுக்கு மாற்றாமல் கிராபிக்ஸ் ஆளிடம் கொடுக்கவே கூடாது.

கலர் பக்கம் ரிசால்வின் பூர்வீக வீடு. இதன் உண்மையான லாபம் கான்ஃபர்ம் (வெட்டிய வரிசையை வேறு மென்பொருளில் மறுபடி அமைப்பது) என்ற வேலை இல்லாமல் போவது. வேறு மென்பொருளில் வெட்டி, வெட்டு விவரம் அடங்கிய எக்ஸ்எம்எல் கோப்பு எடுத்து, டி.ஐ. எனப்படும் கலர் வேலைக்குக் கொண்டு போகும்போது வேகம் மாற்றிய ஷாட்டுகளும் உள்ளடுக்கு டைம்லைன்களும் இடம் மாறிப் போகும். அவற்றைத் தேடிப் பொருத்தவே நாட்கள் ஆகும். இங்கே கலரிஸ்ட் எடிட்டரின் டைம்லைனிலேயே உட்காருகிறார். ஆனால் கிரேடு (நிறச் சீரமைப்பு) முடிந்த பிறகு எடிட்டர் ஒரு ஷாட்டை வேறு டேக்கால் மாற்றினால் புது ஷாட் கிரேடு இல்லாமல்தான் வரும். புதிய வெட்டுக்கு பழைய கிரேடுகளைக் கொண்டு போக கலர்டிரேஸ் இருக்கிறது; அதைத் தெரிந்து வைத்திருப்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

கலரிஸ்டை எடை போட இன்னொரு வழி, லாக் (log) முறையில் எடுத்த வெளிறிய ஃபுட்டேஜை எப்படி 709க்கு (சாதாரணத் திரைகளின் நிறத் தரம்) கொண்டு வருகிறார் என்று கேட்பது. புராஜெக்டில் இந்த மாற்றத்தைத் தானே செய்யும் கலர் மேனேஜ்மென்டை இயக்கிவிட்டு, அதன் மேல் கேமரா நிறுவனத்தின் லட்டையும் (LUT, நிறங்களை மாற்றும் அட்டவணைக் கோப்பு) போட்டால் ஒரே மாற்றம் இரண்டு முறை நடக்கும். முகம் கருகி, வெளிச்சப் பகுதிகள் வெளுத்துப் போகும். மேனேஜ்மென்ட் என்றால் லட் வேண்டாம். லட் என்றால் மேனேஜ்மென்ட் வேண்டாம். பல கேமராக்களின் கோப்புகளில் எந்தக் கலர் ஸ்பேஸ் (நிறங்களைப் பதிந்த முறை) என்ற குறிப்பு இருக்காது. மீடியா பூலில் கிளிப்புகளைத் தேர்ந்து இன்புட் கலர் ஸ்பேஸைக் கையால் கொடுக்க வேண்டும். மேக்கில் பார்த்த படம் யூடியூபில் வெளிறித் தெரிகிறது என்ற புலம்பல் பெரும்பாலும் காமா (வெளிச்ச அளவைக் காட்டும் முறை) குறியீட்டுச் சிக்கல். டெலிவர் பக்கத்தில் காமா டேக்கை ரெக்.709-ஏ என்று வைத்து ஒரு சோதனை எடுத்துப் பார்ப்பது முதல் மருந்து. கேலிபிரேட் செய்த (நிறத்தை அளந்து சரிசெய்த) மானிட்டர் இல்லாத அறையில் இந்தப் பேச்செல்லாம் அரைகுறைதான்.

ஃபேர்லைட்டில் உட்காருபவருக்குப் பிளக்-இன்களை விட முதலில் தேவை பஸ் ஒழுக்கம். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் என்று மூன்று பஸ்களாகப் பிரித்து வைத்தால்தான் நாளை தெலுங்கிலோ இந்தியிலோ டப் செய்யும்போது இசையையும் எஃபெக்ட்ஸையும் மட்டும் தனியே எடுக்க முடியும். எல்லாவற்றையும் மாஸ்டரில் கொட்டியவர் அன்றைக்கு மறுபடி மிக்ஸ் செய்ய உட்கார வேண்டியதுதான். யூடியூப் சுமார் -14 எல்.யூ.எஃப்.எஸ்.க்கு (ஒலி உரப்பின் அலகு) மேல் இருப்பதைக் குறைக்கும். குறைவாக இருப்பதைக் கூட்டித் தராது. ஐரோப்பிய ஒளிபரப்பு விதியான ஆர்128 கேட்பது -23. ஒளிபரப்புக்கு மிக்ஸ் செய்ததை அப்படியே யூடியூபில் ஏற்றினால் மற்ற வீடியோக்களுக்கு நடுவே முனகலாகக் கேட்பதற்குக் காரணம் இந்த 9 அலகு இடைவெளி. இசையமைப்பாளர் 44.1 கிலோஹெர்ட்ஸில் கொடுத்தால், வீடியோவில் வழக்கமான 48இல் மறுபடி கேட்டு வாங்குங்கள்.

ஒலி ஆள் வெளி ஸ்டுடியோவில் புரோ டூல்ஸ் என்ற ஒலி மென்பொருளில் வேலை செய்பவராக இருந்தால் டெலிவர் பக்கத்தில் அதற்கென்றே ஒரு பிரீசெட் இருக்கிறது. ஏஏஎஃப் (ஒலித் துண்டுகளின் வரிசையைச் சொல்லும் கோப்பு), ஒலிக் கோப்புகள், பார்வைக்கான வீடியோ மூன்றும் சேர்ந்து வரும். ஒவ்வொரு துண்டின் இருபுறமும் ஒரு நொடியாவது ஹேண்டில் (கூடுதல் ஒலி) விடுங்கள். படம் தொடங்குவதற்குச் சரியாக 2 நொடி முன்னால் ஒரு ஃபிரேம் நீளமுள்ள பீப்பை வையுங்கள். திரும்பி வரும் மிக்ஸ் அந்த பீப்பில் பொருந்தினால் முழுவதும் பொருந்தும். பிக்சர் லாக் (இனி வெட்டு மாறாது) என்று அறிவித்த பிறகு எடிட்டர் "அரை நொடிதான்" என்று ரிப்பிள் செய்யும் (வெட்டியபின் மற்ற எல்லாவற்றையும் நகர்த்தும்) பழக்கத்தை ரிசால்வ் தடுக்காது. லாக் ஆன டைம்லைனை நகலெடுத்து, பெயரில் தேதி போட்டு, ஒலி ஆளுக்கு அந்த நகலையே கொடுக்க வேண்டும்.

சில பொறுப்புகளுக்கு இந்த மென்பொருளில் பக்கமே கிடையாது. ஸ்கிரிப்ட் எழுதுபவர், இசைக்கும் படத்துக்கும் உரிமை வாங்கி அட்டவணை பார்க்கும் தயாரிப்பாளர், பாட வீடியோ என்றால் பாடத்தை வடிவமைப்பவர், தமிழ் சப்டைட்டிலைப் பிழை திருத்துபவர். கடைசி நபரை எல்லோரும் மறக்கிறார்கள். பேச்சை எழுத்தாக்கும் வசதி 2023இல் 18.5இல் ஸ்டுடியோ பதிப்புக்கு வந்தபோது அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆகவே தமிழ் சப்டைட்டிலை வெளியே தயாரித்து, எஸ்ஆர்டி (சப்டைட்டில்) கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சேமித்து இறக்குமதி செய்வதே பத்திரம். தொடுதிரைக் கியாஸ்க், கேள்வி-பதிலோடு நகரும் இணையப் பாடம் போன்றவை உங்கள் திட்டம் என்றால் ரிசால்வ் அதன் வீடியோத் துண்டுகளை மட்டுமே தரும். ஊடாட்டத்துக்குப் புரோகிராமரும் திரை வடிவமைப்பாளரும் தனியே வேண்டும்.

இதன் பெரிய குறை பதிப்பு ஏற்றம். புதிய பதிப்பில் திறந்து சேமித்த புராஜெக்டைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. புராஜெக்டுகள் இருக்கும் டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு ஏற்றினால் இறக்க வழியில்லை. அணியில் ஒருவர் ஆர்வக்கோளாறில் அப்டேட் அழுத்தினால், அவர் பின்னால் மற்ற எல்லோரும் போக வேண்டும், அல்லது அவர் வெளியே நிற்க வேண்டும். நடுப்புராஜெக்டில் அப்டேட் கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிரிஃபரன்ஸில் புராஜெக்ட் பேக்கப்பை இயக்கி, டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்க் அல்லாத வேறு டிஸ்க்கில் சேமிக்கச் சொல்லுங்கள். புராஜெக்டை மட்டும் சேமிக்கும் டிஆர்பி கோப்பில் மீடியா இருக்காது. எல்லாம் சேர்த்து வைக்க டிஆர்ஏ ஆர்கைவ்.

யாருக்கு இது சரி? ஆட்கள் மூன்றுக்கு மேல், கலருக்கு முக்கியத்துவம் உண்டு, மாதச் சந்தா கட்ட மனமில்லை என்றால் யோசிக்காமல் மாறலாம். வேலையில் முக்கால்வாசி மோஷன் கிராபிக்ஸ், அணி ஏற்கனவே அடோபியில் ஊறியது என்றால் கலரை மட்டும் இங்கே கொண்டு வந்தால் போதும். ஐந்து பேருக்கும் ஸ்டுடியோ வாங்க வேண்டியதில்லை. ஒரு கீ வாங்கி, அதன் இரண்டு இடங்களில் ஒன்றைக் கலர் இயந்திரத்துக்கும் மற்றொன்றை ஒலி இயந்திரத்துக்கும் கொடுங்கள். எடிட்டும் அசிஸ்டும் இலவசப் பதிப்பில் ப்ராக்ஸியோடு ஓடட்டும். இறுதி ரெண்டர் கலர் இயந்திரத்தில்தான் நடக்க வேண்டும், ஏனென்றால் ஸ்டுடியோவில் மட்டும் உள்ள எஃபெக்ட் போட்ட ஷாட்டை இலவசப் பதிப்பு வாட்டர்மார்க்கோடுதான் காட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறுவனமே பயிற்சி நூல்களை மாதிரிக் கோப்புகளோடு இலவசமாக இறக்கித் தருகிறது. அசிஸ்டென்டாக வருபவரை முதலில் மீடியா நிர்வாகப் பகுதியையும் கடைசியில் டெலிவர் பகுதியையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் உள்ளவற்றை வேலையோடு கற்றுக்கொள்ளலாம்.